ஏழாம் படத்து நிழல்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தையல் கடையில் இருந்தவர்கள் நால்வர். அழைக்கப்பட்டவர்கள் என்னவோ இருவர்தான். துணி வெட்டும் நீள மேசையின் சன்னல் பக்கத்தில், உயரமான முக்காலியில், கடைக்குச் சொந்தக்காரியான தையல்காரி. அவளுக்கு நேர் எதிரே, வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருந்த ஒரே மெத்தை நாற்காலியில், இரண்டு தெரு தள்ளிப் பல் மருத்துவம் பார்க்கும் பெண் டாக்டர். தையல் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டியபடி தையல்காரியின் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், அன்றைக்கு அவருக்கு விடுமுறை. இஸ்திரி மேசையின் நுனியில், சூடு எட்டாத பக்கமாகப் பார்த்து, அவருடைய தங்கை.

நாத்தனார் ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்ததாகச் சொன்னாள். ஏற்கெனவே இரண்டு முறை குறைத்த கால்சட்டை அது. இன்னொரு முறை கத்தரி வைத்தால் முழங்காலைத் தொட்டுவிடும். அவள் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்தார்கள்.

மேசையின் நடுவே பதிப்பகத்திலிருந்து வந்த கடிதம். குழந்தைகளுக்குப் படக்கதை போடுகிற சின்னப் பதிப்பகம். அவர்கள் கேட்டது நான்கு: முழுக் கதை ஒன்று, அதற்கு ஏழு படங்கள், யார் எதைச் செய்தார் என்ற குறிப்பு, இருவர் கையொப்பம். இன்றைய தேதி முத்திரையோடு அஞ்சலில் சேர வேண்டும். தவறினால் அந்த வருடத்துக்கான இடம் வேறு யாருக்காவது போய்விடும். அஞ்சலகம் ஐந்து மணிக்குச் சாத்துவார்கள். தையல்காரி இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எண் போட்டு எழுதி, குண்டூசியால் சன்னல் திரையில் குத்தி வைத்திருந்தாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த விதம் அப்படி. இடது மேல் மூலையில் தேதி, அப்புறம் விஷயம், விஷயத்துக்கு எண்.

எண் போடாத விஷயம் ஒன்று அவள் மனசுக்குள் இருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பெயர் ஒரு புத்தகத்தில் வரப்போகிறது. வரும், இன்று ஐந்து மணிக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

துணித் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்துப் படம் செய்வது அவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். ஒரு காலத்தில் பரிசுப்பொருள் கடைக்காரர் ஒருவர் அவளிடம் மாதத்துக்கு நான்கு படம் வாங்கினார். ஒருநாள் கண் மருத்துவமனைச் சுவரில் தன் படகுப் படம் தொங்குவதைப் பார்த்தாள். கீழே கடைக்காரரின் பெயர் பித்தளைத் தகட்டில் இருந்தது. கடைக்குத் திரும்பி வந்து, ஒரே மூச்சில் பன்னிரண்டு ஜிப் மாற்றினாள். அதோடு வெளியாருக்குப் படம் செய்வதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் கையை நிறுத்த முடியுமா? உடை மாற்றிப் பார்க்கும் அறையின் திரை கிழிந்தபோது, கிழிசலை மறைக்க ஒரு படம் தைத்தாள். பேருந்துக்கு நிற்கும் வரிசை. நிற்பவர்கள் எல்லோரும் வாடிக்கையாளர்களின் மிச்சத் துணிகள். ஆறு வாரத்துக்கு முன் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டின் பையைத் தைக்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிப் போட்டுப் பார்க்க அந்த அறைக்குள் போனார். கால் மணி நேரமாக வெளியே வரவில்லை.

"டாக்டர், ஏதாவது இறுக்கமா இருக்கா?"

"இல்லக்கா. பஸ் இன்னும் வரல, அதான் நிக்கறேன்."

தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஆரம்பித்தது. டாக்டர் கதை எழுதுகிறவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லில் துளை போடும்போது பயம் தெரியாமல் இருக்க நோயாளிகளுக்குக் கதை சொல்வாராம். "எங்கிட்ட கதை கேக்கிறவங்க எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுதான் கேப்பாங்க. அத வச்சு கதை நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது" என்றார். இதற்கு முன் தன் அத்தை மகனோடு சேர்ந்து ஒரு கதை எழுதியதையும் சொன்னார். அவன் திருத்தித் திருத்தி, கடைசியில் அதில் அவர் எழுதியது தலைப்பு மட்டும்தான் மிஞ்சியதாம். தலைப்பையும் அப்புறம் மாற்றிவிட்டானாம்.

சூடு பட்ட இருவரும் அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. கதையின் சுருக்கம் ஏழு வரியில் ஒரு தாள். அதைப் பார்த்து இவள் இங்கே தைப்பாள், அவர் அங்கே எழுதுவார். இடையில் காட்டிக்கொள்வதும் இல்லை, கருத்துக் கேட்பதும் இல்லை. இரண்டும் சந்திக்கும் நாள் இந்தச் சனிக்கிழமை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர்.

"ஆரம்பிங்க டாக்டர்."

"அக்கா, ஒரு விஷயம். நீங்க டாக்டர்னு கூப்பிட்டா, உங்கள வாயத் திறக்கச் சொல்லணும்போல இருக்கு."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"அண்ணி, முதல்ல கதையப் படிக்கச் சொல்லுங்க. பேர் வைக்கிறத அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் நாத்தனார்.

டாக்டர் படித்தார். காலையில் ஒரு சிறுமி பள்ளிக்கு ஓடுகிறாள். அவள் நிழல் இன்னும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தையல்காரி முதல் படத்தை விரித்தாள். கட்டில் விளிம்பில், சாம்பல் நிற லைனிங் துணியில் வெட்டிய நிழல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"நிழலுக்குக் கொட்டாவி" என்று டாக்டர் மெல்லச் சொன்னார். "இது என் தாள்ல இல்லையே."

"இருக்கக் கூடாதா?"

"ஐயோ, இருக்கணும்கா."

இரண்டாவதில் தெருவில் எல்லோர் காலடியிலும் நிழல் இருக்கிறது, சிறுமிக்கு இல்லை. மூன்றாவதில் பாலத்தின் மேல் அவள் குனிந்து தண்ணீரில் தேடுகிறாள். நான்காவதில் ஆசிரியை வருகைப் பதிவேட்டில் நிழலின் பெயரையும் கூப்பிடுகிறார். அந்த ஆசிரியையின் சேலைக்கு வங்கி மேலாளரின் கோட்டுத் துணி. "மேலாளர் பார்த்தா மயங்கி விழுந்துடுவாரு" என்றார் கணவர். டாக்டர் படிக்கப் படிக்க, தையல்காரிக்குத் தான் தைத்த படங்களே புதிதாகத் தெரிந்தன. தண்ணீரைத் தைத்தபோது அவளுக்கு அது வெறும் நீலப் பட்டு. 'தண்ணீரில் மீன்களுக்குக்கூட நிழல் இருந்தது' என்று டாக்டர் வாசித்ததும், அந்தப் பட்டுக்குள் ஆழம் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு எதிரிலிருந்து இன்னொரு கை வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஐந்தாவது முடிந்தது. ஆறாவதும் முடிந்தது. மாலையாகி எல்லோர் நிழலும் நீளமாகிவிட்டது. சிறுமி மட்டும் தனியே வீட்டுக்குத் திரும்புகிறாள். இனி ஏழாவது. நிழலும் சிறுமியும் சந்திக்கும் இடம். மொத்தக் கதையும் அதற்காகத்தான்.

டாக்டர் தாளைத் திருப்பினார். அதில் 'ஏழு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

"இங்க நான் எழுதலக்கா. வேணும்னுதான். முக்கியமான இடம். உங்க துணி பேசட்டும்னு விட்டுட்டேன். நீங்க விரிங்க."

தையல்காரி விரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணி, விரிங்க."

விரித்தாள். செங்கல் நிறத்தில் ஒரு சுவர். மேலே வெயில் இறங்குகிற மஞ்சள். சிறுமியும் இல்லை, நிழலும் இல்லை.

"முக்கியமான இடம்" என்றாள் தையல்காரி. "உங்க எழுத்து பேசட்டும்னு…"

மேசை விசிறி மட்டும் இப்படியும் அப்படியும் முகம் திருப்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆக, பரீட்சையில ரெண்டு பேரும் ஒரே கேள்விய விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இருடி" என்றார் கணவர். பிறகு அவராலும் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க வேலையில இது தினம் நடக்கும். லிஃப்ட் வந்து நிக்கும். 'நீங்க ஏறுங்க சார்', 'இல்ல சார் நீங்க ஏறுங்க'ன்னு ரெண்டு பேரும் நிப்பாங்க. கதவு மூடிக்கிட்டு லிஃப்ட் போயிடும். அப்புறம் லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு எனக்குப் போன் பண்ணுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மணி மூன்றே கால். டாக்டர் தன் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மறுபடி அடுக்கினார். "என் தப்புதான்கா. நான் ஓரமா உக்காந்து நாலு வரி எழுதறேன். நீங்க தனியா வெட்டுங்க. அரை மணியில முடிஞ்சிடும்."

தையல்காரி சரியென்று கத்தரியை எடுத்தாள். சிறுமியை வெட்டினாள், நிழலை வெட்டினாள். கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. முதல் ஆறு படத்திலும் இருந்த குறும்பு இந்தச் சிறுமியிடம் இல்லை. அங்கே டாக்டர் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். பத்து நிமிடம் கழித்து, தன் வரியைச் சன்னமாகப் படித்தார். 'சிறுமி மிகுந்த மகிழ்ச்சியுடன் தன் நிழலைக் கட்டியணைத்துக்கொண்டாள்.'

"நல்லாருக்கு" என்றாள் தையல்காரி.

"நல்லாருக்கா?"

தையல்காரி கத்தரியைக் கீழே வைத்தாள். இதைச் சொன்னால் விதி போய்விடும். சொல்லாவிட்டால் புத்தகமே போய்விடும்.

"நல்லால்ல. 'மிகுந்த மகிழ்ச்சியுடன்' எதுக்கு? தோள்ல ரெண்டு அங்குலம் கூட வச்சு வெட்டின சட்டை மாதிரி தொங்குது."

நாத்தனார் கால்சட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் பேனாவை எடுத்து இரண்டு சொல்லையும் அடித்தார். அடித்துவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப நானும் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு, போட்டோ எடுக்க நிக்கிற மாதிரி நிக்கிறா."

"தெரியுது. எங்க இடிக்குதுன்னுதான் தெரியல."

டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். நூல் பிசிறு எடுக்கிற இடுக்கி ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்து, சிறுமியின் துணித் தலையை மெல்லப் பிடித்து, ஒரு நூலளவு திருப்பினார். கடைவாய்ப் பல்லுக்குள் பஞ்சு வைக்கும் கை அது. துணி சுருங்கவே இல்லை. சிறுமி இப்போது முன்னால் பார்க்காமல் தோள்மேலாகத் திரும்பிக் கீழே பார்த்தாள்.

"அட" என்றாள் தையல்காரி. "இரு, இரு, கைய எடுக்காத. அப்படியே பிடிச்சிக்க." நான்கு குண்டூசிகளைக் குத்தினாள். ஒருமையில் பேசியது அவளுக்கே தெரியவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்தது. அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

அதன் பிறகு யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஒழுங்கு இல்லை. மெத்தை நாற்காலி தள்ளிப் போயிற்று. டாக்டர் மேசைமேல் ஏறி ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். "நிழலு இப்பதான் ஓடி வந்திருக்கு, மூச்சு வாங்கணும்" என்றார். "நிழலுக்கு எங்க மூச்சு?" என்றாள் தையல்காரி, சொல்லிக்கொண்டே நிழலின் தோளில் ஒரு சுருக்கு வைத்துக் காட்டினாள். மூச்சு வாங்கிற்று. சிறுமியும் நிழலும் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நாள் முழுக்கக் காக்கவைத்த ஆளை யாராவது பார்த்தவுடன் கட்டிக்கொள்வார்களா? முதலில் கேள்வி கேட்பார்கள்.

"ஏன் லேட்டு?" என்று எழுதினார் டாக்டர். அவ்வளவுதான் சிறுமியின் வசனம்.

"அதுக்கு நிழலு என்ன சொல்லும்?"

"'வழியில எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு வந்தேன்'னு சொல்லும்."

"நிழலுக்கு ஏது கண்ணு?" என்றாள் தையல்காரி. மேசைமேல் விழுந்திருந்த தன் கை நிழலை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தாள். அது கத்தரிமேல் ஏறியது, பொத்தான் டப்பாமேல் ஏறியது, டாக்டரின் முழங்கால்மேல் ஏறியது. "நிழலு பார்க்காது. தொட்டுக்கிட்டே வரும்."

டாக்டர் எழுதினார். 'நீ ஓடினாய். நான் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே வந்தேன்.'

இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்தார்கள். கணவர் எழுந்து வந்து அவரும் பார்த்தார். "இது யாரு சொன்னது?" என்று கேட்டார். இருவரும் மற்றவரைக் கை காட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. பாதத்தில் மட்டும் குண்டூசி குத்தியிருந்த நிழல் காற்றில் எழும்பியது. எழும்பிச் சற்று நின்று, மறுபடி சுவரில் படிந்தது. அடியில் வெறும் துணி.

"அக்கா" என்றார் டாக்டர். "இந்த வரிய நிழலுக்கு அடியில வச்சா?"

தையல்காரி வெள்ளை நாடா ஒன்றை வெட்டினாள், டாக்டர் கையில் கொடுத்து அந்த வரியை எழுதச் சொன்னாள், நிழல் விழும் இடத்தில் வைத்துத் தைத்தாள். நிழலைப் பாதத்தில் மட்டும் ஓடுதையல் போட்டு நிறுத்தினாள். படிக்கிற குழந்தை, விரலால் நிழலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கினால்தான் நிழல் பேசும். அவள் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். டாக்டர் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். நாத்தனார் மூன்று முறை.

"இதெல்லாம் சரி" என்றாள் நாத்தனார், பதிப்பகத்துக் கடிதத்தைக் கையில் எடுத்தபடி. அவள் எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவள். "இங்க அடியில பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கே. 'படங்கள் தட்டையாக இருக்க வேண்டும். மடிப்பு, திறப்பு, தொங்கல் ஏற்கப்பட மாட்டா.'"

மணி நாலே கால்.

தையல்காரி கடிதத்தை வாங்கித் தானும் படித்தாள். திரையில் குத்தியிருந்த தன் காகிதத்தைப் பார்த்தாள். நான்கு எண்களில் இது இல்லை. பொடி எழுத்தை விட்டுவிட்டிருக்கிறாள். முறையாகக் கடிதம் படிக்கிறவள் என்று பெயர்.

டாக்டர் மேசையை விட்டு இறங்கினார். "அக்கா, புத்தகத்துல உங்க பேர் வர்றது இதுதான் முதல் தடவை. எனக்கு வாரப் பத்திரிகையில நாலஞ்சு தடவை வந்தாச்சு. நீங்க சொல்லுங்க. நிழல அழுத்தித் தைச்சிடலாம்னாலும் எனக்கு வருத்தமில்ல. வரிய மேல எழுதிக்கலாம்."

"அஞ்சு நிமிஷ வேலை" என்றார் கணவர். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஐந்து நிமிட வேலைதான். தையல்காரி ஊசியில் சாம்பல் நூலைக் கோத்தாள். நிழலின் ஓரத்தைப் படியவைத்து ஊசியைக் கொண்டுபோனாள். இந்த ஓரத்தை மூடினால் படம் நன்றாகத்தான் இருக்கும். ஏற்றுக்கொள்வார்கள். பெயர் வரும். ஆனால் இதுவரை அவள் செய்த நூற்றுக்கணக்கான படங்களில் எதையும் அவளால் தனியாகச் செய்திருக்க முடியும். இதை முடியாது. எதிரில் நிற்கிறவளாலும் முடியாது. பெயர் போட்டுக்கொள்ள இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்?

ஊசியைத் திருப்பித் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

"தைக்கமாட்டேன்" என்றாள். "கடிதம் எழுதறேன். அவங்க மாட்டேன்னு சொல்லட்டும், நாம சொல்ல வேணாம்."

டாக்டர் மெத்தை நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

தையல்காரி இடது மேல் மூலையில் தேதி போட்டாள். மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கி, எண் போட்டாள். ஒன்று, கதை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு, படங்கள் ஏழு. மூன்று, முதல் ஆறு படங்களுக்குக் கதை டாக்டருடையது, தையல் என்னுடையது. நான்கு, ஏழாம் படத்தில் யார் எதைச் செய்தார் என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆகவே அதைப் பிரித்து எழுத முடியாததற்கு மன்னிக்கவும். ஐந்து, தட்டையாக இருக்க வேண்டும் என்ற விதியைப் படித்தோம். இந்த நிழலைத் தயவுசெய்து ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

"'ஒருமுறை'ய எடுத்துடலாமா?" என்றார் டாக்டர். "எப்படியும் ரெண்டாம் தடவ தூக்குவாங்க."

"எடுத்துடு."

கையெழுத்துப் போடும் இடத்தில் மறுபடி 'நீ முதல்ல', 'நீங்க முதல்ல' என்று ஆரம்பித்தார்கள். கணவர் தொண்டையைச் செருமினார். உடனே தையல்காரி போட்டாள், முழுப் பெயரையும், மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல். பக்கத்தில் அதே வரியில் டாக்டர் போட்டார்.

படங்களுக்கு நடுவே மெல்லிய தாள் வைத்து, அட்டைக்குள் செருகி, உறைக்குள் இறக்கினார்கள். ஒட்டும் ஓரத்தை நாக்கால் தொடப் போன தையல்காரியை டாக்டர் தடுத்தார். "வாய்ல எதையும் வைக்காதீங்கக்கா, தொழில்முறையாச் சொல்றேன்." இஸ்திரிக்குத் தண்ணீர் தொடும் பஞ்சால் நனைத்து ஒட்டி, துணியை அழுத்துவதுபோல் உள்ளங்கையால் நெடுக அழுத்தினாள்.

நாத்தனார் கடையைப் பார்த்துக்கொண்டாள். மற்ற மூவரும் நடந்தார்கள், நடை கொஞ்சம் ஓட்டமாகவும் இருந்தது. அஞ்சலகத்தில் நான்கு ஐம்பதுக்குச் சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் உறையை எடை போட்டார். படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்.

"உள்ள என்ன?"

"கதை" என்றாள் தையல்காரி.

"படம்" என்றார் டாக்டர்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற கணவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரி சொன்னாள்.

"புத்தகம்னு போட்டுக்கோங்க."

அவர் அப்படியே எழுதினார். முத்திரையை மையில் தோய்த்து இரண்டு இடத்தில் அடித்தார். உறையைத் தூக்கி, பக்கத்தில் வாய் திறந்திருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.